பொம்மைக் காரை நிறுத்துவது யார்?

"கரடுமுரடான பரப்பில் உராய்வு அதிகம். வழுவழுப்பான பரப்பில் உராய்வு குறைவு. உராய்வு ஒரு தேவையான தீமை."

நடுநிலைப் பள்ளியைத் தாண்டிய எந்த மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று வரியும் தடங்கலில்லாமல் வந்து விழும். பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால்.. ஒரு பொம்மைக் காரைத் தரையில் உருட்டிவிட்டு, அது ஏன் சரியாக அந்த இடத்தில் போய் நின்றது என்று கேட்டால், இந்த மூன்று வரியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. சில சமயம் பதில் தலைகீழாகவே போய்விடும்!

அறிவியல் கண்காட்சி வந்தால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு தெர்மாகோல் அட்டை. அதில் கண்ணாடி, துணி, உப்புத்தாள், மணல் என்று நான்கு பட்டைகள். பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய ஒரு பொம்மைக் கார். கீழே கொட்டை எழுத்தில் முடிவு. கார் ஒட்டப்பட்டிருக்கிறது என்றால் அது ஓடவே இல்லை என்றுதான் அர்த்தம். ஓடாத காரை வைத்து ஓட்டத்தைப் பற்றி ஒரு முடிவு! பார்க்க வருகிறவர்களும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

உராய்வு என்ற பாடத்தை அட்டையில் ஒட்டிக் காட்டுவது எங்கே நடந்தாலும் வருத்தம்தான். செஞ்சி போன்ற ஒரு ஊரில் நடந்தால் கூடுதல் வருத்தம். ஏனென்றால் அந்த ஊரே ஒரு உராய்வுச் சோதனைக்கூடம்.

செஞ்சியில் என்ன இருக்கிறது?

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள். அவற்றை இணைத்து வளைத்த மதில்கள். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ ஒரே தொகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் உள்ளவை. மிச்சமுள்ள ஒன்று செஞ்சி.

வரலாறு ஒரு பக்கம் இருக்கட்டும். காலுக்குக் கீழே பாருங்கள். எத்தனை வகைத் தரை! கோட்டைக்குள் ஊடுருவிச் செல்லும் தார் நெடுஞ்சாலை. ஊருக்குள் சிமெண்டுத் தெருக்கள். அதைத் தாண்டினால் செம்மண் பாதை. சங்கராபரணி ஆற்றில் மணல். வீடுகளில் டைல்ஸ், பழைய வீடுகளில் சாணி மெழுகிய தரை. கோவில்களில் காலங்காலமாக மிதிபட்டு மெருகேறிய கருங்கல். குன்றுகளில் வெயிலிலும் மழையிலும் செதில் செதிலாக உரிந்த சொரசொரப்பான பாறை. சரிவுகளுக்கோ பஞ்சமே இல்லை. இவ்வளவையும் ஒரு பொம்மைக் காரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் சோதித்துவிடலாம்.

பொம்மைக் கார் இல்லையா? அதற்கும் கவலை வேண்டாம். பனை மரம் நிறைந்த மாவட்டம் இது. நுங்கைத் தின்றபிறகு மிஞ்சுகிற இரண்டு காய்களை ஒரு குச்சியில் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டியைவிட அருமையான பொம்மை வாகனம் எந்தக் கடையிலும் கிடையாது. கம்பின் கவட்டையும் குச்சியும் தேயுமிடத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் வண்டி இலேசாகப் போகும் என்பது அதை ஓட்டுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பிள்ளையே வகுப்புக்குப் போய் 'உயவுப் பொருள்கள்' என்ற தலைப்பை மனப்பாடம் செய்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இங்கேதான் கோளாறு.

மெத்தை கரடுமுரடா?

முதலில் அந்த 'கரடுமுரடு' விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொம்மைக் காரைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் உருட்டிவிடுங்கள். அதே வேகத்தில் அதைப் பஞ்சு மெத்தையின் மேல் உருட்டிவிடுங்கள். எது தூரமாகப் போகும்? சிமெண்டுத் தரையில்தான். மெத்தையில் இரண்டு சாண் போவதற்குள் படுத்துவிடும். கையால் தடவிப் பார்த்தால் எது கரடுமுரடு? சிமெண்டு! எது மிருது? மெத்தை! அப்படியானால் பாடத்தில் படித்த வரி என்ன ஆயிற்று?

அந்த வரி பொய் இல்லை. அது ஒரு மரக்கட்டையை இழுத்துக்கொண்டு போவது போன்ற, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும் இயக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவது. கார் வழுக்கிப் போவதில்லை. உருண்டு போகிறது. உருளும் சக்கரத்தின் அடிப்பகுதி தரையைத் தொடுகிற அந்த ஒரு கணத்தில் தரையோடு ஒட்டி நிற்கிறது. அங்கே தேய்ப்பே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

பிறகு காரை நிறுத்துவது யார்? முக்கியமாக இரண்டு பேர்.

ஒன்று, தரையும் சக்கரமும் அமுங்குவது. மெத்தை காரின் எடையில் குழிகிறது. சக்கரம் ஒவ்வொரு கணமும் தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறி வெளியே வர வேண்டும். அமுங்கிய பஞ்சு திரும்ப எழும்பும்போது வாங்கிய ஆற்றலை முழுவதும் திருப்பித் தருவதில்லை. மணலில் இன்னும் மோசம். அமுங்கிய மணல் எழும்புவதே இல்லை. வாங்கியது வாங்கியதுதான்! ஆற்று மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய வாகனங்களுக்கான கணக்கைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரத்துக்கு உருளும் எதிர்ப்பு அதன் மேலுள்ள எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். தார்ச்சாலையில் கார் டயருக்கு நூற்றில் ஒன்று, ஒன்றரை பங்கு. அதே டயர் மணலில் இறங்கினால் பத்தில் இரண்டு, மூன்று பங்கு வரை போகும். டயர் ஒன்றுதான். தரை மாறியதும் எதிர்ப்பு இருபது மடங்கு ஆகிறது.

இரண்டாவது ஆள் காருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறார். அவர்தான் அச்சு.

அச்சின் கணக்கு

பொம்மைக் காரின் சக்கரம் தரையில் உருண்டாலும், அதன் இரும்புக் கம்பி அச்சு பிளாஸ்டிக் துளைக்குள் வழுக்கித்தான் சுற்றுகிறது. உண்மையான தேய்ப்பு அங்கேதான் நடக்கிறது. டைல்ஸ், கண்ணாடி, மெருகேறிய கருங்கல் போன்ற கெட்டியான தரைகளில் காரை நிறுத்துவதில் பெரும்பங்கு இந்த அச்சுக்குத்தான். அதனால்தான் டைல்ஸிலும் கண்ணாடியிலும் ஒரே கார் ஏறக்குறைய ஒரே தூரம் போய் நிற்கிறது. 'கண்ணாடி அதிக வழுவழுப்பு, ஆகவே கார் அதிக தூரம் போகும்' என்று எதிர்பார்த்த மாணவர் ஏமாந்து போவார். ஏமாந்தவர் என்ன செய்கிறார்? எதிர்பார்த்த விடையையே நோட்டில் எழுதிவிடுகிறார்! அறிவியலில் இதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன?

இந்த அச்சு விஷயத்தில் ஒரு அழகான கணக்கு உண்டு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கார் சக்கரத்தின் சுற்றளவு தூரம் முன்னே போகிறது. ஆனால் தேய்ப்பு நடப்பது அச்சின் சுற்றளவு தூரத்துக்கு மட்டும்தான். அச்சு 2 மில்லிமீட்டர் குறுக்களவு, சக்கரம் 20 மில்லிமீட்டர் குறுக்களவு என்றால், கார் 10 மீட்டர் போனாலும் தேய்ந்த தூரம் 1 மீட்டர்தான். சக்கரம் பெரிதாகவும் அச்சு மெலிதாகவும் இருந்தால் உராய்வின் கை அந்த அளவுக்குக் குட்டையாகிவிடுகிறது.

பழைய மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் மனிதனின் நெஞ்சளவு உயரம் இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு விடை. பெரிய சக்கரம் குழியில் முழுவதும் இறங்காமல் தாண்டிப் போகும் என்பது இன்னொரு விடை. அப்படியும் அச்சில் தேயும் தேய்ப்பைக் குறைக்க வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். இன்றைக்குக் கறுப்பு கிரீஸ் செய்கிற அதே வேலை. அந்தக் கருப்பைக் குழைத்தவருக்கு உராய்வுக் கெழு என்ற சொல் தெரிந்திருக்காது. ஆனால் மாடு திணறுவது தெரியும்.

பொம்மைக் கார் வியாபாரத்திலும் இதே ரகசியம்தான். 1968-ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் கார்களைக் கொண்டுவந்தபோது, அவற்றின் பெரிய கவர்ச்சியே வேகமாக உருளும் சக்கரங்கள்தான். மெல்லிய கம்பி அச்சைப் போட்டு அந்த வேகத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்பு, 1953-ல் அமெரிக்கச் சாரணச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பைன்வுட் டெர்பி என்ற மரக் கார் பந்தயத்தில் பிள்ளைகள் இன்றும் அச்சில் கிராஃபைட் தூளைத் தடவுகிறார்கள். கிராஃபைட் என்றால் பயந்துவிட வேண்டாம். பென்சிலுக்குள் இருக்கும் கருப்புதான். செஞ்சியில் ஐந்து ரூபாய் பென்சிலைச் சீவினாலே கிடைத்துவிடும்.

உராய்வே இல்லாவிட்டால்?

இவ்வளவு படித்தபிறகு "அப்படியானால் உராய்வு எதிரிதானே" என்று தோன்றலாம். அடுத்த சோதனையைச் செய்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் பாயும் ஸ்பிரிங் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கொஞ்சம் எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ தடவி அதன்மேல் வைத்து இழுங்கள். சக்கரம் வழுக்குகிறது. சுற்றவில்லை. ஸ்பிரிங் முறுக்கேறவே இல்லை. சரி, வேறு இடத்தில் முறுக்கேற்றிக்கொண்டு வந்து எண்ணெயில் விட்டால்? சக்கரம் கிர்ரென்று சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். உராய்வு இல்லாததால் கார் ஓடவில்லை!

கடைக்காரர்கள் 'ஃபிரிக்‌ஷன் கார்' என்று ஒன்றை விற்பார்கள். தரையில் இரண்டு மூன்று தடவை தேய்த்துவிட்டால் 'உய்ய்ய்' என்ற சத்தத்தோடு ஓடும் கார். உள்ளே ஒரு கனமான சின்னச் சக்கரம் இருக்கும். தரை வெளிச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப, பல்சக்கரங்கள் வழியாக உள்ளே இருப்பது வேகமாகச் சுற்றி ஆற்றலைச் சேமித்துக்கொள்ளும். விட்டதும் அதே ஆற்றல் தரையைப் பின்னால் தள்ளிக் காரை முன்னால் ஓட்டும். சேமிப்பதும் உராய்வு, செலவழிப்பதும் உராய்வு. பொம்மையின் பெயரிலேயே பாடம் இருக்கிறது. ஆனால் பாடத்தில் பொம்மை இல்லை.

ஆக, உராய்வு ஒரே ஆள் அல்ல. அச்சில் இருப்பவர் காரின் ஆற்றலைத் தின்கிறார். சக்கரமும் தரையும் சேருமிடத்தில் இருப்பவர் காரைப் பிடித்து நடத்துகிறார். முன்னவருக்கு எண்ணெய் போட வேண்டும், பின்னவருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. இதை ஒரு பொம்மைக் கார் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடும். 'தேவையான தீமை' என்ற சொற்றொடரோ இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்துவிடுகிறது.

செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவில் இருக்கிறது. அதன் மாசித் தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே வாகனத்தில் பார்த்திருப்பார்கள். அச்சு இலேசாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் நகராது. ஆனால் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போட வேண்டும். கட்டை தரையைப் பிடிக்க வேண்டும். அங்கே உராய்வு கைவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கும். 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது பேச்சில் வசையாகிவிட்டது. தேருக்கு அதுதான் உயிர்காப்பு.

1698-ம் 1699-ம்

செஞ்சி மாணவர்களுக்கு 1698 என்ற ஆண்டு தெரிந்திருக்கும். பல ஆண்டு முற்றுகைக்குப் பிறகு முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் கோட்டையைப் பிடித்த ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டு, 1699-ல், பாரிஸில் கியோம் அமோண்டன் என்பவர் அறிவியல் கழகத்தின் முன் உராய்வு பற்றிய தன் சோதனைகளை வைத்தார். உராய்வு எடைக்கு ஏற்றபடி கூடும், தொடும் பரப்பின் அளவைப் பொறுத்து மாறாது என்பது அவர் கண்டது. அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே லியோனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் வெளியிடவில்லை. அதனால் உலகத்துக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தவர் கூலும். மின்னூட்ட விதிக்காகப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற அதே கூலும்தான். அவர் ஒரு ராணுவப் பொறியாளர். மார்டினிக் தீவில் பல ஆண்டுகள் கோட்டை கட்டும் வேலையில் இருந்தவர். கயிறு, மரம், இரும்பு ஆகியவற்றின் உராய்வை வெவ்வேறு எடைகளில் அளந்து எழுதிய ஆய்வுக்கு 1781-ல் பாரிஸ் கழகத்தின் பரிசு பெற்றார். கோட்டை கட்டியவரிடமிருந்து வந்த அறிவியல், கோட்டை இருக்கிற ஊரில் வெறும் மனப்பாடமாகக் கிடக்கிறது!

இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜின் பௌடன், டேபர் இருவரும் இன்னொரு விஷயத்தைத் தெளிவாக்கினார்கள். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகள் உண்மையில் சில மேடுகளின் உச்சியில் மட்டுமே தொடுகின்றன. அந்த உச்சிகள் ஒட்டிக்கொள்வதுதான் உராய்வின் பெரும்பகுதி. மிகச் சுத்தமான, மிக வழுவழுப்பான இரண்டு உலோகப் பரப்புகளைக் காற்றில்லாத இடத்தில் சேர்த்தால் அவை பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். 'வழுவழுப்பு என்றால் உராய்வு குறைவு' என்ற வரி இங்கே முழுவதுமாகக் கவிழ்ந்துவிடுகிறது.

ஒரு வகுத்தல் போதும்

"சரி, அளப்பதற்கு ஆய்வகக் கருவி வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டாம். ஒரு பலகை, ஒரு அளவு நாடா, ஒரு பொம்மைக் கார். இவ்வளவுதான்.

பலகையின் ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் தூக்கி வையுங்கள். பலகை தரையைச் சேருமிடத்தில் கார் முட்டாமல் இறங்க ஒரு கெட்டித் தாளை வையுங்கள். காரைத் தள்ளாமல், மேலிருந்து கையை மட்டும் எடுத்துவிடுங்கள். கார் புறப்பட்ட உயரத்தை அளந்துகொள்ளுங்கள். புறப்பட்ட இடத்துக்கு நேர் கீழிருந்து நின்ற இடம்வரை தரைமட்டத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தக் காருக்கு அந்தப் பாதை காட்டிய சராசரி எதிர்ப்பு. 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்ட கார் 5 மீட்டர் போய் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ஐ 500-ஆல் வகுத்தால் 0.04. அதாவது காரின் எடையில் நூற்றில் நான்கு பங்கு விசை அதைப் பின்னால் இழுத்திருக்கிறது. நியூட்டனும் வேண்டாம், தராசும் வேண்டாம். எடை இரண்டு பக்கமும் வந்து தானாக அடிபட்டுப் போகிறது.

அடிபட்டுப் போகிறதா என்பதையும் சோதிக்கலாம். காரின் மேல் நாணயங்களை ஒட்டி எடையைக் கூட்டுங்கள். கெட்டித் தரையில் தூரம் பெரிதாக மாறாது. அமோண்டன் சொன்னது சரிதான் என்று தோன்றும். அதே சோதனையை மணலில் செய்தால் கனத்த கார் புதைந்து கதை மாறும். எந்த விதி எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது என்பதைத் தன் கையால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இனி யாரும் உராய்வைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு தரையிலும் ஐந்து முறையாவது விட வேண்டும். ஐந்தும் ஒன்றுபோல வராது. வராததுதான் நல்லது. ஏன் வரவில்லை, கார் கோணலாகப் போனதா, அச்சில் முடி சிக்கியதா, தரை சமமாக இல்லையா என்று கேட்கத் தொடங்கினால் அதுதான் அறிவியல். அட்டையில் ஒட்டிய காருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. பலனும் கிடையாது.

ஆசிரியர்கள் சொல்வது

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள், வெளியே கூட்டிப்போனால் பொறுப்பு யாருடையது என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து அலுவல் வேலைகளே அவர்கள் நேரத்தைத் தின்றுவிடுவதும் உண்மைதான். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு பாடவேளையும் பள்ளி வராந்தாவும் போதும். வகுப்பறைச் சிமெண்டுத் தரை, மைதானத்து மண், ஒரு கோணிச் சாக்கு என்று மூன்று தரை அங்கேயே இருக்கிறது. மிச்சத் தரைகளைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சோதிக்கட்டும். வீட்டுப்பாடம் என்றால் எழுதிக்கொண்டுதான் வர வேண்டுமா என்ன?

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதன் சுவரிலும் படியிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடவோ, எண்ணெய் ஊற்றவோ கூடாது. தேவையும் இல்லை. கோட்டையைப் பார்த்து யோசித்தாலே போதும். மழைக்குப் பின் பாறையில் ஏறக்கூடாது என்று பெரியவர்கள் ஏன் சொல்கிறார்கள்? செருப்புக்கும் பாறைக்கும் உராய்வுக் கெழு 0.6 என்றால் 30 டிகிரிச் சரிவு வரை நிற்கலாம். பாசியும் ஈரமும் சேர்ந்து அது 0.2 ஆகிவிட்டால் 11 டிகிரியிலேயே கால் வழுக்கத் தொடங்கிவிடும். பாறை அதேதான், சரிவும் அதேதான்.

சாலையில் என்ன ஆகிறது?

பொம்மைக் காரில் தொடங்கியது பொம்மையோடு முடிவதில்லை. அதே பிள்ளை நான்கைந்து வருடத்தில் பைக் சாவியைக் கேட்கப்போகிறது. அப்போது 'வழுவழுப்பில் உராய்வு குறைவு' என்ற வரி எதற்கு உதவும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, டயருக்கும் சாலைக்கும் உராய்வுக் கெழு 0.7 இருந்தால், பிரேக் பிடித்தபிறகு சுமார் 20 மீட்டரில் நிற்கும். சாலை நனைந்தோ டயர் தேய்ந்தோ அது பாதியாகக் குறைந்தால் 40 மீட்டர் ஆகும். அந்த இருபது மீட்டருக்குள் யார் குறுக்கே வருகிறார்களோ அவர்கள் கதி அதோகதி. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. பலகையின் உயரத்தை மாற்றி மாற்றிப் பொம்மைக் காரை விட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது ஏற்கெனவே கையில் பழகியிருக்கும்.

வட மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் இன்னொரு காட்சி சாதாரணம். கேழ்வரகு, உளுந்து, கொள்ளு எல்லாவற்றையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் தானியம் உதிரும், வெயிலில் காயும். விவசாயிக்குக் களம் இல்லாத குறை. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த உருண்டைத் தானியங்கள் டயருக்குக் கீழே என்ன செய்கின்றன? சைக்கிள் பேரிங்கில் இருக்கும் குண்டுகள் செய்கிற அதே வேலையை! அச்சுக்குள் இருந்தால் வரமாக இருப்பது சாலையில் பரவினால் சாபமாகிறது. இருசக்கர வாகனத்தில் வருகிறவர் அங்கே திடீரென்று பிரேக் பிடிக்கக்கூடாது என்பதை எந்தப் பலகையும் எழுதி வைப்பதில்லை. ஒரு பொம்மைக் காரைக் கடுகு பரப்பிய தட்டில் ஓட்டிப் பார்த்தவருக்கு யாரும் சொல்லவும் வேண்டாம்.

உலக அளவிலும் இது சின்ன விஷயம் இல்லை. உலகம் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் உராய்வை வெல்வதற்கே போகிறது என்று ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-ல் மதிப்பிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு! எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் தவிக்கிற ஒரு நாட்டில், தேய்ப்பைக் குறைக்கத் தெரிந்த பொறியாளர்கள் எவ்வளவு பேர் தேவைப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் செஞ்சியிலிருந்தும் வரலாம். நுங்கு வண்டிக்கு எண்ணெய் போடத் தெரிந்த பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடுத்த அறிவியல் கண்காட்சியில் பசை போட்டு ஒட்டிய கார்களுக்குப் பரிசு கிடையாது என்று ஒரு பள்ளி அறிவித்தால் போதும். கார் ஓட வேண்டும். எங்கே நின்றது என்று எழுத வேண்டும். எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். அப்படி எழுதிய பிள்ளைக்கு முதல் பரிசு கொடுக்க வேண்டும்.